தப்பின் ஓர் அடி, மலையின் பதில்

மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும் பொட்டலுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது தெரியும். கூத்துத் தொடங்குமுன் தப்புக்காரர்கள் சருகைக் கொளுத்தி அந்தச் சூட்டில் தப்பை வாட்டுவார்கள். தோல் இறுகிவிட்டதா என்று பார்க்க இடையிடையே ஒரே ஓர் அடி. தாளமில்லை, கோர்வையில்லை. "பட்" என்று ஓர் ஓசை, அவ்வளவுதான்.

இலங்கை மலையகத்தில் பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் அந்த ஓசை அவ்வளவோடு முடிவதில்லை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் சுவர் அதை உடனே திருப்பி அனுப்பும். காது அதைத் தனி ஓசையாகப் பிரித்துக் கேட்பதில்லை. அடி கொஞ்சம் தடித்துக் கேட்கும். பிறகு ஒரு மூச்சு விடும் நேரம். அதற்கப்புறம் எதிர்மலை தன் பங்குக்கு ஒரு தடவை "பட்" என்று சொல்லும். அதற்கும் பின்னாலிருக்கும் மலை இன்னும் மெலிந்த குரலில் ஒரு தடவை.

அந்த ஓர் அடிக்குள் பொட்டலின் முழு வரைபடமும் இருக்கிறது. ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 340 மீற்றர் போகும். எதிர்மலையின் பதில் இரண்டு செக்கனில் வந்தால் ஒலி போய்வந்த தூரம் 680 மீற்றர். ஆகவே மலை 340 மீற்றர் தள்ளி நிற்கிறது. லயத்துச் சுவர் 10 மீற்றரில் இருந்தால் அதன் பதில் ஒரு செக்கனில் 17இல் ஒரு பங்கு நேரத்தில் வந்து சேரும். தூரம் மட்டுமல்ல, எதில் பட்டுத் திரும்பியது என்பதும் அதில் பதிவாகிறது. பாறை முகம் ஓசையைக் கூர் குறையாமல் திருப்பித் தரும். தேயிலைச் செடி மூடிய சரிவு, ஓசையின் கீச்சான பகுதியை இலைகளுக்குள் வாங்கிக்கொண்டு மொத்தையான பகுதியை மட்டும் திருப்பும்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் இதற்கு இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர், சுருக்கமாக ஐ.ஆர். என்பார்கள். மிகச் சுருக்கமான, மிகக் கூர்மையான ஓர் ஓசையை ஓரிடத்தில் எழுப்பினால் அந்த இடம் தரும் மொத்த விடை அது. இக்கட்டுரையில் அதை "இடத்தின் பதில்" என்றே சொல்கிறேன். அந்தப் பதிலைப் பதிந்து வைத்துக்கொண்டால், கொழும்பில் ஒரு சிறிய அறைக்குள் வாசித்த தப்பை, பூண்டுலோயாப் பொட்டலில் வாசித்தது போலக் கேட்கவைக்கலாம். கண்கட்டு வித்தை ஒன்றுமில்லை. பெருக்கலும் கூட்டலும்தான்.

எப்படி என்று பார்ப்போம். கணினிக்குள் ஒலி என்பது எண்களின் வரிசை. இறுவட்டின் தரத்தில் ஒரு செக்கனுக்கு 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணையும் தப்பில் விழுந்த ஒரு சிறிய அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் பெரிதானால் பலத்த அடி, சிறிதானால் மெல்லிய அடி. ஓரிடம் ஓர் அடிக்கு என்ன பதில் சொல்லும் என்று நமக்குத் தெரியும். இரண்டு மடங்கு பலமாக அடித்தால் பதிலும் இரண்டு மடங்கு. சற்றுப் பிந்தி அடித்தால் அதே பதில் சற்றுப் பிந்தி வரும். முதல் அடியின் பதில் அடங்குமுன் அடுத்த அடி விழுந்தால் இரண்டு பதில்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும். இந்த மூன்று உண்மைகளும் போதும்.

சின்னக் கணக்கு ஒன்று. ஓரிடத்தின் பதில் 1, 0.5, 0.25 என்று இருக்கட்டும். அதாவது நேர் ஓசை, பாதியளவு எதிரொலி, கால்வாசி எதிரொலி. தப்புக்காரர் 2, 3, 1 என்று மூன்று அடி அடிக்கிறார். முதல் அடி 2, 1, 0.5 என்ற பதிலைக் கிளப்பும். ஓர் இடம் தள்ளி இரண்டாவது அடி 3, 1.5, 0.75. இன்னும் ஓர் இடம் தள்ளி மூன்றாவது 1, 0.5, 0.25. மூன்றையும் தள்ளித் தள்ளி எழுதிக் கூட்டினால் 2, 4, 3, 1.25, 0.25 வரும். அடித்தது மூன்று; கேட்டது ஐந்து. மிஞ்சிய இரண்டும் மலையின் பங்கு. கணிதத்தில் இதன் பெயர் கன்வொலூஷன். அடுக்கிக் கூட்டுவது என்று சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும்.

விளங்குவது எளிது, செய்வதுதான் பாடு. மூன்று செக்கன் நீளமான பதிலில் 132,300 எண்கள். ஒரு செக்கன் இசையின் 44,100 எண்களில் ஒவ்வொன்றும் இவ்வளவையும் பெருக்க வேண்டும். ஒரு செக்கன் இசைக்கு ஏறக்குறைய 583 கோடிப் பெருக்கல்கள். இந்தச் சுமையால்தான் கணக்குத் தெரிந்தும் நெடுங்காலம் யாரும் இந்த வழியில் போகவில்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் வெற்று அறைக்குள் ஸ்பீக்கரையும் மைக்கையும் வைத்து எதிரொலி எடுத்தார்கள். 1957இல் ஜேர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் ஒரு பெரிய உருக்குத் தகட்டைத் தொங்கவிட்டு அதன் அதிர்வையே எதிரொலியாக விற்றது.

வழி திறந்தது 1965இல். ஜேம்ஸ் கூலியும் ஜோன் டூக்கியும் வெளியிட்ட வேகக் கணக்கு முறை, ஒலியை அதன் சுருதிக் கூறுகளாக மிக விரைவில் பிரித்தது. அப்படிப் பிரித்துவிட்டால் அடுக்கிக் கூட்டும் வேலை, கூறுக்குக் கூறு ஒரே ஒரு பெருக்கலாகச் சுருங்கிவிடுகிறது. ஆனாலும் இசைத் துண்டு முழுவதும் வந்து சேரும்வரை கணினி காத்திருக்க வேண்டியிருந்தது. மேடையில் வாசிக்கிறவருக்கு அந்தத் தாமதம் உதவாது. 1995இல் வில்லியம் கார்ட்னர் பதிலின் முன்பகுதியைச் சிறு துண்டுகளாகவும் பின்பகுதியைப் பெரிய துண்டுகளாகவும் பிரித்துக் கணக்கிட்டுத் தாமதத்தை ஒழித்தார். 1999இல் சோனி நிறுவனம் இந்த வேலையை உடனுக்குடன் செய்யும் பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு அந்தப் பெட்டியின் வேலையைக் கைத்தொலைபேசியே செய்துவிடும்.

வாத்தியங்களுக்கும் இதே கணக்குத்தான். வீணையில் ஒட்டுகிற காண்டாக்ட் மைக் தந்தியின் அதிர்வை எடுக்கும். குடம் காற்றோடு பேசுவதை எடுக்காது. அதனால்தான் மேடையில் பல வேளை வீணை வறண்டு, கம்பியை மட்டும் சுண்டியது போலக் கேட்கிறது. அதே வீணையை நல்ல மைக் முன்னால் ஒரு தடவை வாசித்துப் பதிந்து, இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டால் குடத்தின் பதிலைப் பிரித்தெடுத்துவிடலாம். பிறகு ஒட்டு மைக்கின் ஓசையோடு அதை அடுக்கிக் கூட்டினால் மரம் திரும்பிவரும். நம் கச்சேரி மேடைகளில் இதை இன்னும் பலர் செய்து பார்க்கலாம். என் மனம் கிடப்பதோ வாத்தியத்திலல்ல, இடத்தில்.

இடத்தின் பதிலை எடுக்க எது நல்ல ஓசை? தப்பு மோசமில்லை. 1920இல் சர். சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து மிருதங்கத்தையும் தபலாவையும் பற்றி நேச்சர் இதழில் எழுதினார். தோலின் நடுவிலிருக்கும் கறுப்புப் பூச்சுத்தான் அந்த வாத்தியங்களின் மேற்சுரங்களை ஒழுங்குபடுத்திச் சுருதி சேரவைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். தப்புக்கு அந்தப் பூச்சு இல்லை. சூட்டில் இறுகிய மெல்லிய தோல், குச்சியால் அடி. அதிலிருந்து பல சுருதிகள் ஒரே கணத்தில் வெடித்து வெளிவரும். கூர்மையும் பலமும் இருப்பதால் பள்ளத்தாக்கு தாண்டிக் கேட்கும். தோட்டத்தில் ஒரு காலத்தில் சனங்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, அழைக்கவும், சாவு வீட்டுச் செய்தி சொல்லவும் தப்பு உதவியதற்கு இந்த இயற்பியலும் ஒரு காரணம். ஆனாலும் தப்புக்கென்று ஒரு நிறம் உண்டு. அளக்கப் போனால் அந்த நிறமும் இடத்தின் பதிலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே ஆய்வாளர்கள் பலூனை உடைத்தார்கள், வெற்றுத் தோட்டாவைச் சுட்டார்கள். 2000ஆம் ஆண்டில் இத்தாலியப் பேராசிரியர் ஆஞ்சலோ பரினா இன்னொரு வழியைச் செம்மைப்படுத்தினார். காதுக்குக் கேட்கும் மிகத் தாழ்ந்த சுருதியிலிருந்து மிக உயர்ந்த சுருதிவரை ஒரே சீராக ஏறிப்போகும் ஓர் ஊளையை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டுப் பதிவது. பிறகு கணினியில் அந்த ஏற்றத்தைத் திருப்பிச் சுருட்டி ஒரே அடியாக்குவது. பலூன் தன் சக்தியை ஒரே கணத்தில் கொட்டிவிடுகிறது. ஊளையோ பத்து, இருபது செக்கன் நேரம் சக்தியைச் சேர்த்துக்கொண்டே போகிறது. ஓயாத இரைச்சல் இருக்கும் இடங்களுக்கு இதுதான் சரி. ஏறக்குறைய 100 மீற்றர் உயரத்திலிருந்து விழும் டன்சினன் அருவிக்குக் கிட்ட நின்று பலூன் உடைத்தால் எதிரொலி அருவிச் சத்தத்துக்குள் அமிழ்ந்துபோகும். நீண்ட ஊளையானால் அதை மீட்டெடுக்கலாம்.

இந்தக் கணக்கு உலகத்தில் செய்த இரண்டு காரியங்களைச் சொல்ல வேண்டும். துருக்கியின் ஹாகியா சோபியா ஒரு காலத்தில் தேவாலயம், பிறகு பள்ளிவாசல், பிறகு அருங்காட்சியகம். அருங்காட்சியகமாக இருந்தபோது உள்ளே பாடுவதற்கு அனுமதியில்லை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாசிரியர் பிஸ்ஸேரா பென்செவா அங்கே சில பலூன்களை உடைத்து ஓசையைப் பதிந்தார். அவரோடு வேலைசெய்த ஜொனத்தன் ஏபல் அந்த வெடிப்புகளிலிருந்து கட்டடத்தின் பதிலைப் பிரித்தெடுத்தார். ஓர் ஓசை அங்கே அடங்க ஏறக்குறைய 11 செக்கன் ஆகிறது. கப்பெல்லா ரொமானா என்ற பாடகர் குழு அமெரிக்காவில் நின்று பழைய பைசாந்தியப் பாடல்களைப் பாட, கணினி அந்த 11 செக்கனையும் அவர்கள் குரலோடு உடனுக்குடன் சேர்த்தது. 2019இல் அது இசைத்தொகுப்பாக வெளிவந்தது. பாடகர்கள் தங்கள் குரல் திரும்பி வருவதைக் கேட்டு, அதற்கேற்பப் பாடும் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டடம் பாட்டைத் திருத்துகிறது! பலூனில் அகப்பட்டது வெறும் எதிரொலி அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

மற்றது பாரிஸின் நோத்ரதாம். 2019 ஏப்ரல் 15 அன்று அதன் கூரை எரிந்தது. அதற்கு ஆறு ஆண்டுகள் முந்தி, 2013இல், பிரையன் காட்ஸ் என்ற ஒலியியலாளரும் அவருடைய குழுவினரும் உள்ளே அளவெடுத்து வைத்திருந்தார்கள். தீ வரும் என்று யாரும் எதிர்பார்த்து எடுத்த அளவல்ல அது. 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடி திறக்கப்பட்டபோது, பழைய ஓசை இதுதான் என்று ஒப்பிட்டுப் பார்க்க உலகத்திடம் ஓர் அளவு இருந்தது.

நம்மிடம் என்ன அளவு இருக்கிறது? வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்தில் எல்லாவற்றையும் அளந்தார்கள். எத்தனை ஏக்கர், எத்தனை அங்குல மழை, ஆளுக்கு எத்தனை றாத்தல் கொழுந்து, எல்லாம் புத்தகத்தில் ஏறியது. அங்கே வாழ்ந்தவர்களின் காதில் என்ன விழுந்தது என்பது எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

லயத்து அறையை எடுத்துக்கொள்வோம். 10 அடிக்கு 12 அடி. மீற்றரில் ஏறக்குறைய 3க்கு 3.7, உயரம் இரண்டரை என்று கொள்ளலாம். ஓசை அடங்கும் நேரத்தைக் கணிக்க அமெரிக்க இயற்பியலாளர் வொலஸ் சபைன் 1890களில் கண்ட சூத்திரம் இன்றும் செல்லும்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறை ஓசையை உறிஞ்சும் அளவால் வகுக்க வேண்டும். சுவரும் நிலமும் கூரையும் நூற்றுக்கு ஐந்து பங்கு ஓசையைத்தான் உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், வெறும் அறையில் ஓசை அடங்க 1.6 செக்கன் வருகிறது. அவ்வளவு சிறிய அறைக்கு இது அதிகம். பேச்சே கலங்கிக் கேட்கும். அதே அறைக்குள் ஐந்தாறு பேர், கொடியில் உடுப்பு, மூலையில் பாயும் கம்பளியும், சாக்கு மூட்டையும் வந்துவிட்டால் அது அரை செக்கனாகக் குறைந்துவிடும். லயத்து அறையைப் பேசக்கூடிய அறையாக்கியது அதற்குள் நெருங்கிக் கிடந்த மனிதர்களும் அவர்களுடைய துணிமணியும்தான்.

லயங்கள் போக வேண்டும். அதில் எனக்கு இரண்டு மனமில்லை. 2018இல் டன்சினன் தோட்டத்தில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. மகாத்மா காந்திபுரம் என்று பெயர். தனி வீடும் காணியும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும், இன்னும் வேகமாகக் கிடைக்க வேண்டும். ஆனால் இடிபடும் ஒவ்வொரு லயத்தோடும் ஓர் ஓசையும் போகிறது. தலைமுறை தலைமுறையாகத் தாலாட்டும் ஒப்பாரியும் எழுந்த அறை அது. ஒரே முகட்டின் கீழ் அடுத்த வீட்டு இருமலும் அடுப்பு ஊதும் சத்தமும் கேட்கும் அறை. அந்த ஒப்பாரிகளைப் பலர் அக்கறையோடு ஏட்டில் எழுதி வைத்தார்கள், ஒலிநாடாவிலும் பிடித்தார்கள். அவை எழுந்த அறையை யாரும் பிடித்து வைத்ததாக நான் அறியேன்.

கட்டடம் நின்றாலும் ஓசை நிற்காது. கந்தப்பொளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, 1996இல் விடுதியாகத் திறக்கப்பட்டது. வெளித்தோற்றத்தையும் இயந்திரம் சிலதையும் கவனமாகப் பாதுகாத்திருக்கிறார்கள்; பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் கொழுந்தை வாடப்போட்ட மேல்தட்டுகள் இன்று மெத்தையும் திரைச்சீலையும் போட்ட அறைகள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மறைப்பில்லாமல் ஓடிய அந்த நீண்ட பலகைத் தளத்தில் ஒரு கூப்பிடு குரல் எப்படிப் போய் வந்திருக்கும் என்று இனி அங்கே நின்று கேட்க முடியாது. சில நிமிட வேலைதான், ஒரு பலூன் போதும். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. இன்று தெரியும்.

இந்த முறையால் முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஓர் ஐ.ஆர். ஒரே ஓர் இடத்தில் நின்றவரின் காது. நாலடி தள்ளி நின்றால் வேறு பதில். வெளியிடங்களில் காற்று வீசினால் பதில் கணத்துக்குக் கணம் மாறும். மாறுகிற இடத்துக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. தப்பு உச்சத்துக்குப் போகும்போது ஆணி கழன்ற கூரைத் தகரம் ஒன்று கூடவே கிணுகிணுக்குமே, அதுவும் இதில் அகப்படாது. மெல்ல அடித்தால் தகரம் வாயே திறக்காது, பலமாக அடித்தால்தான் அதிரும். இரண்டு மடங்கு அடிக்கு இரண்டு மடங்கு பதில் என்ற நம் முதல் விதியை அந்தத் தகரம் மீறுகிறது. மழை தகரத்தில் விழும் சத்தமும் இடத்தின் பதில் அல்ல; அது தனி ஓசை, தனியாகப் பதிய வேண்டும். அடிக்கிற கையை எந்தக் கணக்காலும் உண்டாக்க முடியாது.

இவ்வளவு குறையோடும் இது பெறுமதியானது. காமன் கூத்தைக் கொழும்பு மேடைக்குக் கொண்டுபோகும்போது எதைக் கூட்டிப்போகிறோம்? ஆட்டத்தையும் பாட்டையும் தப்பையும். பொட்டலையும் எதிர்மலையையும் விட்டுவிட்டுப் போகிறோம். அடிக்கும் அடிக்கும் நடுவே மலை பேச இடம் விட்டுப் பழகிய தப்புக்காரருக்கு, மண்டபத்தில் அந்த இடைவெளி வெறுமையாக விழுகிறது. ஹாகியா சோபியாப் பாடகர்களுக்குச் செய்ததை அவருக்கும் செய்யலாம். பொட்டலின் பதில் கையில் இருந்தால் போதும்.

அதை எடுக்கப் பெரிய செலவில்லை. மலையகத்துப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர்களையும், ஒலிப்பதிவில் ஆர்வமுள்ள பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரே அளவான பலூன்கள் நாலைந்து வாங்குங்கள். நல்ல ஒலிப்பதிவுக் கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைத்தொலைபேசி. ஒலியளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள்; அது எதிரொலியைப் பொய்யாக ஊதிக் காட்டும். ஸ்டோர் இயந்திரம் ஓடாத, காற்று வீசாத விடியற்காலையைத் தெரிவுசெய்யுங்கள். பலூனை உடைத்தபின் பத்து செக்கனுக்கு ஒருவரும் அசைய வேண்டாம். பலூன் எங்கே, மைக் எங்கே, இடையில் எத்தனை அடி, அறையில் எத்தனை பேர், கூரை தகரமா ஓடா, திகதி என்ன என்று எழுதி வையுங்கள். மூன்று தடவை உடையுங்கள். லயத்து அறை, கோயில் மண்டபம், பிள்ளை மடுவம், கொழுந்து நிறுக்கும் இடம், காமன் பொட்டல், எல்லாவற்றிலும்.

உங்கள் தோட்டத்தில் லயம் இடிக்க நாள் குறித்துவிட்டார்கள் என்றால், அதற்கு முந்தின நாள் விடியற்காலையில் போங்கள்.